விடியமுன் மீன் பெட்டியோடு ஓட்டம்: முன்விளக்கு மங்கல், மேலதிக விளக்கு பூட்டலாமா?

முல்லைக்கரை – திங்கள், இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து மாங்குளம், மல்லாவிப் பக்கம் கொண்டுபோய் விற்பது என் தொழில். இரவு வலைக்குப் போன படகுகள் மூன்று மணிக்கெல்லாம் கரை தட்டத் தொடங்கும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கொட்டி, மீனை அடுக்கி, பின்னால் இறுக்கிக் கட்டி, நான்கு மணிக்கு ஏ34 வீதியில் ஏறிவிடுவேன். மாங்குளம் வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தண்ணீரூற்று, முள்ளியவளை கடக்கும் வரை வீட்டு விளக்குகள் துணைக்கு வரும். ஒட்டுசுட்டானைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. என் முன்விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது.

மோட்டார் சைக்கிள் 2014இல் வாங்கிய 125 சிசி. பல்ப் 35/35 வாட், அதாவது டிம்முக்கு 35, பிரைட்டுக்கு 35. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது விலை ஏறிய ஏற்றத்தில் புதியது வாங்க எனக்கு வழியில்லை. இன்னும் சில ஆண்டுகள் இதைத்தான் ஓட்டவேண்டும்.

வெளிச்சம் போதாது என்று ஒரு கடையில் இரண்டு எல்இடி விளக்குகள் பூட்டுவித்தேன். முன்விளக்குக் கிண்ணத்துக்குள் ஓடும் வயரிலேயே முறுக்கி ரேப் சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. மூன்றாவது கிழமை கைப்பிடிச் சுவிட்ச் கைக்குச் சுட்டது, பிறகு பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. கரிப்பட்டமுறிப்புக்கு அருகே வரும்போது முன்பக்கம் முழுவதும் அணைந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, தொலைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் தார் வீதியின் நடுவே ஐந்தாறு மாடுகள் படுத்திருந்தன. ஒன்று அசைபோட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை: விளக்கு அணையாமல் இருந்திருந்தால் அந்த மாடுகளைக் கண்டிருப்பேனா? என்ன விளக்கு பூட்டினால் நல்லது? இன்னொன்றும் விளங்கவில்லை. என் விளக்கோ மங்கல், ஆனால் எதிரே வருகிற லொறி, டிப்பர், மோட்டார் சைக்கிள் எல்லாம் எனக்கு விளக்கடித்துக் காட்டிவிட்டுப் போகின்றன. டிம்மில்தான் ஓடுகிறேன். ஏன்?


லாச்சப்பல் – திங்கள், இரவு 9.02

அண்ணை, நான் பாரிசில் இருக்கிறேன், சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. இங்கே நல்ல தரமான எல்இடி பல்ப் கிடைக்கிறது. பழைய பல்ப்பைக் கழற்றிவிட்டு இதைச் செருகினால் போதும், வயரிங்கில் கைவைக்கத் தேவையில்லை. ஒரு முழு முன்விளக்குத் தொகுதியும் மலிவாக எடுக்கலாம். அடுத்த மாதம் சித்தப்பா ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடட்டுமா?


மாங்குளம் கராஜ் – திங்கள், இரவு 10.20

முல்லைக்கரைத் தம்பி, முதலில் எதையும் வாங்கவேண்டாம். லாச்சப்பல் தம்பியும் இப்போதைக்கு எதையும் அனுப்பவேண்டாம்.

சுவிட்ச் ஏன் கருகியது என்று சொல்கிறேன். 35 வாட் பல்ப் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். அந்தக் கைப்பிடிச் சுவிட்சின் பித்தளைத் தகடும் அதற்குப் போகும் மெல்லிய வயரும் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. அதே வழியில் இன்னும் 3 அம்பியரை இழுத்தால் தகடு சூடாகும். சூடானால் கறுக்கும், கறுத்தால் மின்தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். எந்த நிறுவன விளக்கைப் பூட்டினாலும் அந்த இடத்தில் முறுக்கினால் முடிவு இதுதான். இடையில் பியூஸ் ஒன்று போட்டிருந்தார்களா? இல்லை என்றே நினைக்கிறேன். வயர் உரசி வண்டியின் இரும்பில் பட்டிருந்தால் பெற்றோல் தாங்கியின் கீழே நெருப்புப் பிடித்திருக்கும்.

இரண்டு விடயங்கள் பார்த்துச் சொல்லுங்கள். எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் போட்டு விளக்கைத் தட்டினால் எரிகிறதா? எரிந்தால் உங்கள் விளக்கு பற்றரியில் ஓடுகிறது. எரியாமல், எஞ்சின் இயங்கியபின் மட்டும் எரிந்து, முறுக்க முறுக்கக் கூடினால் அது நேரே மெக்னற்றோ, அதாவது எஞ்சின் சுழலும்போது மின்சாரம் பிறப்பிக்கும் பகுதி, தரும் மின்சாரத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்தது, யாரிடமாவது ஒரு மல்டிமீற்றர் இரவல் வாங்குங்கள். எஞ்சினை ஓரளவு முறுக்கிவைத்து, டிம் எரியும்போது பற்றரி முனைகளில் எத்தனை வோல்ட், பல்ப் ஹோல்டரின் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள்.


நெடுங்கேணி வயல் – செவ்வாய், காலை 6.40

எங்கள் பக்கம் மாடு மட்டுமில்லை, யானையும் நிற்கும். கால போகம் (மழைக்கால நெல்) விதைத்து, கதிர் வெளிவருமுன் குடலைப் பருவம் வந்தால் ஒவ்வொரு இரவும் காவல். நான் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போகிறவன். யானை நின்றால் கறுப்பு இருட்டில் கறுப்பாக நிற்கும். கிட்டப் போகும்வரை அது மரமா யானையா என்று தெரியாது. ஆகவே எனக்கும் வெளிச்சம் வேண்டும். என்னுடையது பழைய 100 சிசி, திறப்பைப் போட்டால் முன்விளக்கு எரியாது, எஞ்சின் இயங்கினால்தான் எரியும். இதற்கு மேலதிக விளக்குப் பூட்ட முடியுமா?


முல்லைக்கரை – செவ்வாய், மாலை 5.30

கராஜ் அண்ணை, அளந்துவிட்டேன். திறப்பைப் போட்டாலே விளக்கு எரிகிறது. கருகிய சுவிட்சை மாற்றி, அந்த எல்இடி விளக்குகளைக் கழற்றிய பிறகு அளந்த கணக்கு இது: பற்றரியில் 14.1 வோல்ட். பல்ப் ஹோல்டரில் 12.0.

12 வோல்ட் பல்ப்புக்கு 12 வோல்ட் வருகிறதுதானே, சரியா?


மாங்குளம் கராஜ் – செவ்வாய், இரவு 9.45

சரியில்லை தம்பி. உங்கள் மங்கலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

12 வோல்ட் என்பது பெயர். ஓடும்போது பற்றரிக்கு 14 வோல்ட் வரை ஏறும், பல்ப்பும் அதற்கு அண்மையான வோல்ட் கிடைக்கும் என்ற கணக்கில்தான் வெளிச்சம் தரும். இழை பல்ப்பின் குணம் என்னவென்றால், வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதில்லை, ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். உங்களுக்கு வழியில் 2.1 வோல்ட் போயிருக்கிறது. அதாவது கிடைக்கவேண்டிய வெளிச்சத்தில் நாற்பது சதவீதம் அளவுக்கு வீதிக்கு வராமலே வயருக்குள் சூடாகிப் போகிறது. அதனால்தான் வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது. புதிய சுவிட்ச் போட்டும் இவ்வளவு என்றால் மற்ற இடங்களிலும் அரிப்பு இருக்கிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கலாம். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையில் வைத்து, மற்றதைத் திறப்புச் சுவிட்சின் வெளிவயரில் தொடுங்கள். விளக்கு எரியவேண்டும். மீற்றர் காட்டுவது அந்தத் துண்டில் தொலைந்த வோல்ட். அப்படியே கைப்பிடிச் சுவிட்ச், கனெக்டர் என்று முன்னோக்கிப் போங்கள். கடைசியில் பல்ப்பின் எதிர் முனைக்கும் பற்றரியின் எதிர் முனைக்கும் இடையில் அளவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி அளவை மறந்துவிடுவார்கள். முல்லைத்தீவு உப்புக்காற்றில் எர்த் வயர் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.


பழைய டைனமோ – செவ்வாய், இரவு 10.30

கராஜ்காரர் சொல்வதை நான் என் கையால் அறிந்தவன். தொண்ணூறுகளில், போர் நடந்தபோது, வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோலைக் கார்புரேட்டருக்கு விட்டு உதைத்து உயிர் கொடுத்தபின் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பற்றரி கிடையாது, வானொலிச் செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி வைத்து டைனமோவைச் சுற்றினோம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. வானொலி வயரைக் கொழுவாமல் சுற்றினால் சில்லு இலகுவாக ஓடும். கொழுவிய அடுத்த கணம் பெடல் கனக்கும். மின்சாரத்தை எங்கிருந்தோ எடுத்துத்தான் தருகிறது என்பதை உள்ளங்கை சொல்லும்.

சில நாட்களில் எவ்வளவு சுற்றினாலும் வானொலி முனகும். அப்பா வந்து டைனமோ பூட்டிய இடத்துப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டுவார், உடனே குரல் தெளியும். அந்தச் சுரண்டல்தான் இன்றைக்கும் முதல் வைத்தியம். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே கொஞ்சம் வசிலின் பூசுங்கள் தம்பி.


முல்லைக்கரை – புதன், மாலை 6.10

திறப்புச் சுவிட்சில் 0.4 வோல்ட் தொலைகிறது. கைப்பிடிச் சுவிட்சும் அதன் கனெக்டரும் சேர்ந்து 0.9. எர்த் பக்கம் 0.6. மிச்சம் அங்கங்கே. ஐயா சொன்னபடி எர்த் போல்ட்டைத் தேய்த்தேன், 0.6 என்பது 0.1 ஆனது. கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிறது. போல்ட்டின் கீழிருந்து வந்த தூள் பச்சையும் கபிலமுமாக இருந்தது.


மல்லாவி ரீச்சர் – புதன், இரவு 8.00

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, ஆனால் இந்த உரையாடல் என் காலைப் பயணத்தைப் பற்றியது. மல்லாவியில் இருந்து ஸ்கூட்டரில் மாங்குளம் வந்து ஏ9 வீதியில் பஸ் பிடிக்கிறேன். ஐந்தரைக்குப் புறப்படவேண்டும். மார்கழி, தை மாதங்களில் அப்போது நல்ல இருட்டு. எதிரே வரும் மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு மேல் இப்போது வெள்ளை எல்இடி பல்ப் செருகியவை. அவர்கள் டிம்மில் வந்தாலும் பிரைட்டில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். கடந்து போனபின் இரண்டு மூன்று விநாடிகளுக்கு வீதியின் ஓரக்கோடே தெரியாது. அந்த ஓரத்தில்தான் விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். ஒருமுறை ஒரு முதியவரின் கைப்பிடி என் கையில் உரசிக்கொண்டு போனது. ஆகவே யாரும் இன்னும் பலமான விளக்கைத் தேடுமுன் இதை நினைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முல்லைக்கரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள், ஒரு கணக்குப் போட்டேன். பெட்டியோடு மீனும் ஐஸும் எவ்வளவு பாரம்? 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் ஸ்பிரிங் அந்தப் பாரத்துக்கு 4 சென்ரிமீற்றர் இறங்கினால், இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 125 சென்ரிமீற்றர் ஆகையால், வண்டி முழுவதும் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் நிமிர்கிறது. முன்விளக்கும் அதோடு நிமிர்கிறது. 25 மீற்றர் தூரத்தில் ஒளி 80 சென்ரிமீற்றர் மேலே ஏறும். டிம் ஒளி வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கவேண்டியது. உங்களுடையது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏறிக்கொண்டு போகிறது. அது வீதியைத் தொடவே தொடாது. எதிரே வருகிறவரின் முகத்தைத் தொடும்.

உங்கள் விளக்கு வீதியில் மங்கலாகவும் மற்றவர் கண்ணில் பிரகாசமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.


முல்லைக்கரை – வியாழன், காலை 10.50

ரீச்சர், இன்று விடியமுன் சோதித்துப் பார்த்தேன். எங்கள் சனசமூக நிலையத்தின் வெள்ளைச் சுவருக்கு முன் பத்து மீற்றர் அளந்து கோடு கீறினேன். வெறும் வண்டியில் நான் ஏறி இருந்தபோது டிம் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஒரு சாண் கீழே விழுந்தது. பெட்டியைக் கட்டி ஏறினேன். சுவரில் ஒளி கண் முன்னாலேயே எழும்பியது. ஜன்னல் கட்டையைத் தாண்டி மேலே போய் நின்றது. என்னோடு வந்த மச்சான் சுவரடியில் நின்று கண்ணைப் பொத்திக்கொண்டார்.

ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் ஓடியிருக்கிறேன். எனக்கு விளக்கடித்த ஒவ்வொருவரையும் மனத்துக்குள் ஏசியிருக்கிறேன். எதிரே வந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.


மாங்குளம் கராஜ் – வியாழன், இரவு 9.15

ரீச்சருக்கு நன்றி. 22 ஆண்டுகளாக வயரிங் செய்கிறேன், பாரத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இனி ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.

தம்பி, பின் ஸ்பிரிங்கின் அடியில் படி படியாக வெட்டிய வளையம் இருக்கும். அதற்கான ஸ்பனரைப் போட்டுக் கடைசிக்கு முந்திய படிக்குத் திருப்பிவிடுங்கள். வண்டி குறைவாக இறங்கும். சில்லுக் காற்றையும் பாரத்துக்கு உரிய அளவுக்கு ஏற்றுங்கள். அதன்பின் பெட்டியைக் கட்டி, நீங்கள் ஏறி இருந்து, அதே சுவரில் சரிசெய்யுங்கள். விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் அடையாளமிடுங்கள். பத்து மீற்றரில் ஒளியின் மேல் விளிம்பு அந்த அடையாளத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே நிற்கவேண்டும். உங்கள் விளக்கு 90 சென்ரிமீற்றர் உயரம் என்றால் ஒளி ஏறத்தாழ 90 மீற்றரில் வீதியைத் தொடும். திரும்பி வரும்போது பெட்டி வெறுமை, ஒளி கிட்ட விழும். அப்போது விடிந்துவிடும், பரவாயில்லை.

இனி ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். முன்விளக்குக்கு இரண்டு ரிலே, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பற்றரியின் நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 அம்பியர் பியூஸ். அதிலிருந்து 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் நேரே ரிலேயின் 30ஆம் முனைக்கு. 87இல் இருந்து பல்ப்புக்கு. பழைய சுவிட்சில் இருந்து வரும் வயரை 86க்குக் கொடுங்கள், 85 எர்த். இப்போது உங்கள் கைப்பிடிச் சுவிட்சின் ஊடாகப் போவது ரிலேச் சுருளை இழுக்கும் மின்சாரம் மட்டும், ஓர் அம்பியரில் ஐந்தில் ஒரு பங்கும் இராது. பல்ப்புக்கான மின்சாரம் புதிய தடித்த வயரில் போகும். எர்த்தையும் அதே தடிப்பில் பற்றரியின் எதிர் முனைக்கே கொண்டுவாருங்கள், பெயிண்ட் அடித்த சட்டத்தை நம்பவேண்டாம். வயர் முனைகளைக் குறடால் அழுத்தி இறுக்குங்கள். ஈயப்பற்று வைத்தால் ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். கறுப்பு ரேப் நமது வெயிலில் ஒரு கோடைக்குள் பிசின் இளகிக் கழன்றுவிடும். சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

100 வாட் பல்ப் போடலாமா என்று யாரும் கேட்கவேண்டாம். ஹோல்டர் உருகி, கிண்ணத்துப் பூச்சுக் கறுத்து என்னிடம் வந்தவை கணக்கில்லை.


லாச்சப்பல் – வெள்ளி, அதிகாலை 1.10

நான் அனுப்புவதாகச் சொன்ன எல்இடி பல்ப்பில் என்ன பிழை? விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறேன்.


மாங்குளம் கராஜ் – வெள்ளி, காலை 7.30

நல்ல கேள்வி தம்பி. உங்கள் கையில் ஒரு பழைய இரட்டை இழை ஹலோஜன் பல்ப் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் கீழே மட்டும் நகக்கண் அளவில் ஒரு சிறு தகட்டுக் கிண்ணம் ஏந்தியபடி இருக்கும். அதுதான் டிம் இழை. அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைப்பதால் முன்விளக்கின் மேல் பாதி மட்டும் வேலை செய்கிறது, ஒளி கீழ்நோக்கி வெட்டினாற்போல் விழுகிறது. பின்னால் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் வளைவு அந்த இழை நிற்கும் இடத்தை வைத்து மில்லிமீற்றர் கணக்கில் வார்க்கப்பட்டது. எல்இடி பல்ப்பில் ஒளி இழையில் இருந்து வருவதில்லை, இரண்டு பக்கமும் ஒட்டிய தட்டையான எல்இடித் துண்டுகளில் இருந்து வருகிறது. இடம் கொஞ்சம் தவறினாலும் வெட்டு அழிந்து ஒளி நாலாபக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பத்து மீற்றர் பளபளக்கும், தூரம் இருட்டாகும், எதிரே வரும் ரீச்சருக்குக் கண் கூசும். எல்இடிக்கென்றே செய்த முழுத் தொகுதி வேறு விடயம், அதில் நல்லவை இருக்கின்றன.

ஆனால் பிரான்சில் எடுக்கும் தொகுதியில் இன்னொரு சிக்கல். அங்கே வலப்பக்கம் ஓடுகிறார்கள், நாங்கள் இடப்பக்கம். கார் விளக்குகளிலும் சில மோட்டார் சைக்கிள் விளக்குகளிலும் டிம் ஒளி, ஓடும் பக்கத்து வீதியோரத்தைக் காட்டுவதற்காக அந்தப் பக்கம் சற்று மேலே உயரும். பிரான்ஸ் விளக்கில் அது வலப்பக்கம் உயரும். இங்கே வலப்பக்கத்தில் வருவது எதிர் வாகனம். கண்ணாடியில் பொறித்த ஐரோப்பிய முத்திரையைப் பாருங்கள். விளக்குக்கு முன்னால் நின்று பார்க்கும்போது உங்கள் வலப்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கு உரியது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். சமச்சீரான ஒளி தரும் மோட்டார் சைக்கிள் விளக்குகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.


லாச்சப்பல் – வெள்ளி, மாலை 4.45

என் மேசையில் இருக்கும் விளக்கில் அம்புக்குறியே இல்லை. பெட்டியில் கார் விளக்கு என்று போட்டிருக்கிறது, வலப்பக்க வீதிக்கு உரியதுதான். அனுப்பாமல் விட்டது நல்லது. அப்படியானால் வயர் முனை அழுத்தும் நல்ல குறடு ஒன்று, சுருங்கும் குழாய், தண்ணீர் புகாத பியூஸ் உறை நான்கு, இவற்றைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். மாங்குளத்தில் கொடுத்தால் கராஜ் அண்ணை எல்லோருக்கும் பயன்படுத்துவார்.


நெடுங்கேணி வயல் – வெள்ளி, இரவு 8.20

என் கேள்வி அப்படியே நிற்கிறது. அத்தோடு நிறம் பற்றியும் கேட்கவேண்டும். மஞ்சள் விளக்குத்தான் புழுதிக்கும் பனிமூட்டத்துக்கும் நல்லது என்பது என் அனுபவம். குளக்கட்டில் தை மாதக் காலையில் வெள்ளை விளக்கை அடித்தால் வெள்ளைச் சீலையை விரித்தாற்போல் முன்னால் நிற்கும்.


மாங்குளம் கராஜ் – வெள்ளி, இரவு 10.00

நிறத்தில் உங்களோடு பாதிதான் உடன்படுவேன். நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் கூசச் செய்கிறது, ஆகவே மஞ்சள் இதமாக இருக்கும். ஆனால் பனியில் அந்தச் சீலை உருவாவதற்கு முக்கிய காரணம் விளக்கு உங்கள் கண் வரிசைக்கு அருகில் இருப்பது. அதே வெள்ளை விளக்கை முன் சில்லின் அச்சு உயரத்துக்கு இறக்கி, ஒளி தட்டையாகக் கீழே விழும்படி வைத்துப் பாருங்கள். சீலை விலகும். கைப்பிடிக்கு மேலே பூட்டிய மஞ்சள் விளக்கைவிட அது நன்றாக வேலை செய்யும்.

உங்கள் 100 சிசிக்கு: முன்விளக்கு நேரே மெக்னற்றோவின் ஒரு சுருளில் ஓடுகிறது, பற்றரிக்குப் போவது சிறிய பங்கு. முன்விளக்கு வயரில் எல்இடியைக் கொழுவினால் மினுங்கும், சீக்கிரம் பழுதாகும். பற்றரியில் இருந்து எடுத்தால், 20 வாட் விளக்கு 1.7 அம்பியர் இழுக்கும், மணித்தியாலத்துக்கு 1.7 அம்பியர் மணி தின்னும். உங்கள் பற்றரி 2.5 அம்பியர் மணி என்றால் ஒரு மணித்தியாலத்திலேயே சோர்ந்துவிடும். மெக்னற்றோவைத் திறந்து, சுருளின் எர்த் முனையைத் தூக்கி, அந்த மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றதாக மாற்றும் முழு அலை ரெகுலேற்றர் போட்டு முழு மின்சாரத்தையும் பற்றரி வழியாக்கலாம். செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வயல் காவலுக்கு என்றால் வீட்டில் சார்ஜ் செய்த தனி ரோச் ஒன்றைக் கையில் கொண்டுபோவது மலிவும் பாதுகாப்பும்.


நெடுங்கேணி வயல் – சனி, காலை 6.15

ரோச் யோசனை சரி. யானையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே இளம் பிள்ளைகளும் வாசிப்பார்கள். யானையைக் கண்டால் பிரைட் அடித்து ஹோன் அடித்து விரட்டலாம் என்று நினைக்கவேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள். ஒரு யானை கடந்துவிட்டது என்று புறப்படவும் வேண்டாம், பின்னால் குட்டியோடு இன்னொன்று வரும். வெளிச்சம் வேண்டியது அதை முன்கூட்டியே காண்பதற்குத்தான்.


மல்லாவி ரீச்சர் – சனி, காலை 9.30

முன்கூட்டி என்றால் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16.7 மீற்றர் போகிறோம். கண்டு, விளங்கி, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை விநாடி, அதாவது 25 மீற்றர். பிரேக் பிடித்தபின் காய்ந்த தாரில் இன்னும் 23 மீற்றர் அளவில். மொத்தம் ஏறத்தாழ 50 மீற்றர். 80இல் போனால் ஏறத்தாழ 75 மீற்றர். மழை ஈரத்திலும் 70 கிலோப் பாரத்திலும் இன்னும் கூடும். முல்லைக்கரையின் விளக்கு சரியாக 90 மீற்றரில் வீதியைத் தொட்டாலும், கறுத்த மாட்டை அடையாளம் காணும் அளவுக்கு ஒளி அதில் பாதித் தூரத்துக்குத்தான் இருக்கும். டிம்மில் ஓடும்போது 50ஐத் தாண்டவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.


முல்லைக்கரை – அடுத்த வியாழன், மாலை 7.00

வேலை முடிந்தது. மாங்குளத்தில் மீனை இறக்கியபின் கராஜ் அண்ணையின் கராஜில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். இரண்டு ரிலே, புதிய வயர், பியூஸ். இப்போது பற்றரியில் 14.1, பல்ப் ஹோல்டரில் 13.8. பல்ப் அதே 35 வாட். இதற்குள் இவ்வளவு வெளிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

மேலதிக விளக்கும் பூட்டினோம், ஆனால் நான் கேட்டதைப் போல் இல்லை. கழற்றி வைத்த அந்த எல்இடிகளின் பெட்டியில் ஒவ்வொன்றும் 60 வாட் என்று அச்சிட்டிருந்தது. அண்ணை அளந்தபோது இரண்டும் சேர்ந்து 3 அம்பியர், அதாவது 40 வாட்டை ஒட்டித்தான் இழுத்தன. ஒளியும் வெட்டு இல்லாமல் சிதறியது. அவற்றை விட்டுவிட்டு, ஒடுங்கிய ஒளி தரும் சிறிய 10 வாட் விளக்குகள் இரண்டை முன்விளக்குக்குக் கீழே பூட்டினார். அவற்றின் ரிலேச் சுருளுக்கு மின்சாரம் பிரைட் வயரில் இருந்துதான் வருகிறது, இடையில் தனிச் சுவிட்ச். எதிரே வாகனம் கண்டு நான் டிம்முக்கு மாற்றியதும் அவையும் தாமாகவே அணைந்துவிடும். மறந்துபோக வழியில்லை. எல்லாவற்றையும் எரியவிட்டு அரை முறுக்கில் பற்றரியை அளந்தார்: 13.6. 13க்குக் கீழே போயிருந்தால் கழற்றியிருப்பேன் என்றார்.

பூட்டுமுன் போக்குவரத்துப் பொலிஸாரிடமும் கேட்டுக்கொண்டேன். எதிரே வருபவருக்குக் கண் கூசினால் கழற்றச் சொல்வோம் என்றார்கள். நியாயம்தான்.

நேற்று விடியமுன், கரிப்பட்டமுறிப்புக்கு இப்பால் வளைவில், வீதியோரத்தில் ஏதோ அசைவது தெரிந்தது. மாட்டின் வால். ஈ விரட்டிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து, ஆறுதலாக நிறுத்தி, இறங்கிப்போய்க் கையைத் தட்டி எழுப்பிவிட்டேன். மூன்று மாடுகளும் ஒரு கன்றும். பெட்டியில் ஐஸ் சரியும் சத்தம்கூடக் கேட்கவில்லை.


மல்லாவி ரீச்சர் – வியாழன், இரவு 8.40

இன்று காலை மாங்குளம் வீதியில் எனக்கு எதிரே வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு ஒருவர் போனார். தூரத்திலேயே ஒளி தாழ்ந்தது. அது நீங்கள் என்றால், கண் கூசவில்லை, நன்றி. ஆனால் கடந்தபின் என் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு விளக்கைக் காணவில்லை. பெட்டி மறைக்கிறதா?


முல்லைக்கரை – வெள்ளி, காலை 11.20

நான்தான் ரீச்சர். மச்சானைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்தேன். பெட்டியின் விளிம்பு பின்விளக்கின் மேல் சரியாக ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பத்தடிக்கு அப்பால் பிரேக் விளக்குக்கூடத் தெரியவில்லை. இன்று பின்னேரம் பெட்டித் தட்டின் கடைசிக் கம்பியில் இன்னொரு பின்விளக்குப் பூட்டுகிறேன், பிரேக் வயரையும் சேர்த்து. பெட்டியின் மூன்று பக்கமும் ஒளி தெறிக்கும் சிவப்புப் பட்டி ஒட்டுவதற்கு இரண்டு மீற்றர் வாங்கி வைத்திருக்கிறேன். ஈரப் பெட்டியில் ஒட்டாது, வெயிலில் காய வைத்திருக்கிறேன்.